செவ்வாயில் நாளைக்கு என்ன வேலை?

விஞ்ஞானப் பகுதி: வாசகர் கேள்வி – பதில்

2012 ஓகஸ்ட் முதல் செவ்வாயின் கேல் பள்ளத்தில் வேலை செய்துவரும் கியூரியோசிட்டி ரோவரைப் பற்றிக் கடந்த இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன: அந்த வண்டிக்குத் தினசரி வேலையை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள்? இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியுள்ளோம்.

கேள்வி: ரோவரைப் பூமியிலிருந்து ரிமோட்டால் நேரடியாக ஓட்ட முடியாதா? ஏன் முன்கூட்டியே திட்டம் போட வேண்டும்?
– தரம் 10 மாணவி, தலவாக்கலை

பதில்: முடியாது. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடைத்தூரம் ஏறத்தாழ ஐந்தரைக் கோடி கிலோமீற்றரிலிருந்து 40 கோடி கிலோமீற்றர் வரை மாறும். ரேடியோ சமிக்ஞை ஒரு வழி போகவே 3 முதல் 22 நிமிடம் வரை எடுக்கும். முன்னால் பள்ளம் இருப்பதை நீங்கள் திரையில் காணும்போது வண்டி அதற்குள் விழுந்து இருபது நிமிடம் ஆகியிருக்கலாம்.

இந்தத் தாமதத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அதைப் பாடப்புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை. ரோவரால் நினைத்த நேரமெல்லாம் பேச முடியாது. அது எடுக்கும் படங்களில் பெரும்பகுதி நேரடியாகப் பூமிக்கு வருவதில்லை. செவ்வாயைச் சுற்றிவரும் விண்கலங்கள் தலைக்குமேல் கடக்கும் சில நிமிடங்களில் ரோவர் தரவை அவற்றிடம் கொடுக்கும். அவை பூமிக்கு அனுப்பும். பூமியில் அதை வாங்குவதற்குக் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மட்ரிட், அவுஸ்திரேலியாவின் கன்பரா ஆகிய மூன்று இடங்களில் பெரிய அலைவாங்கிகள் உள்ளன. விண்ணில் இருக்கும் மற்றக் கலங்களும் அவற்றையே நம்பியிருப்பதால் முறை வைத்துத்தான் நேரம் கிடைக்கும்.

ஆகவே நடைமுறை இப்படி அமைந்துவிட்டது. ரோவர் இருக்கும் இடத்தில் காலை பத்து மணியை ஒட்டி அன்றைய முழு வேலைக்குமான கட்டளைகள் போய்ச் சேரும். அது தன்பாட்டில் வேலையைச் செய்யும். மார்ஸ் ரிகனைசன்ஸ் ஓர்பிற்றர் என்ற விண்கலம் அங்கே பிற்பகல் மூன்று மணி அளவில் மேலே கடக்கும். அதுவரை சேர்ந்த தரவில் முக்கியமானது அப்போது பூமிக்கு வரும். அதைப் பார்த்தால்தான் அடுத்த நாள் வேலையை எழுத முடியும். திட்டமிடுவோரின் முதல் கேள்வி ‘இன்று என்ன செய்யலாம்?’ என்பதல்ல, ‘பிற்பகல் மூன்று மணிக்கு எந்தப் படங்கள் கையில் இருக்க வேண்டும்?’ என்பதே. அங்கிருந்து பின்னோக்கித்தான் நாளைக் கட்டுவார்கள்.

கேள்வி: தோட்டத்தில் காலையில் பிரட்டுக் களத்தில் வைத்து ஆளுக்கு எந்த மலை, என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்போம். செவ்வாய் வண்டிக்கும் அப்படி ஒரு பிரட்டு உண்டா? யார் யார் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, ஹட்டன்

பதில்: நல்ல ஒப்பீடு ஐயா, பாதி தூரம் பொருந்தும். பிரட்டில் பிரித்த வேலையை பத்து மணிக்கு மழை பிடித்தால் மாற்றிவிடலாம். இங்கே கட்டளை போனால் போனதுதான். அதனால் பிரட்டே ஒரு முழு வேலைநாள் நடக்கிறது!

அமெரிக்காவின் பசடேனாவில் உள்ள நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுகூடம்தான் தலைமையிடம். ஆனால் ஆட்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கல்லைச் சுட்டு அதன் மூலகங்களை அறியும் லேசர் கருவியை அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் குழுவும் பிரான்சின் துலூஸ் குழுவும் மாறிமாறி நடத்துகின்றன. பாறையின் மூலகங்களை அளக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி கனடாவுடையது. வானிலைக் கருவி ஸ்பெயினுடையது. எல்லோரும் தொலைபேசி, இணைய வழியாகக் கூடுவார்கள். பசடேனாவில் காலை எட்டு மணி என்றால் நுவரெலியாவில் இரவு எட்டரை, அவர்களுடைய குளிர்காலத்தில் ஒன்பதரை.

வேலை வரிசை ஏறத்தாழ இப்படிப் போகும். முதலில் பொறியியலாளர் வண்டியின் நலத்தைப் பார்ப்பார்: நேற்றுக் கொடுத்த கட்டளைகள் முழுவதும் ஓடினவா, பற்றரி எந்த மட்டத்தில் இருக்கிறது, மோட்டார்களின் வெப்பநிலை என்ன, வண்டி எத்தனை பாகை சரிந்து நிற்கிறது. அடுத்து, முன்பக்க ஆபத்துக் கமராவும் தூணில் உள்ள வழிகாட்டும் கமராவும் எடுத்த இரட்டைப் படங்களை வைத்து எதிரே உள்ள தரையை முப்பரிமாணமாக உருவாக்குவார்கள். கைக்கு எட்டும் பரப்பில் எந்தக் கல் இருக்கிறது, அதன் முகம் எவ்வளவு தட்டை என்பதெல்லாம் இதிலிருந்து தெரியும்.

அடுத்தது ஆறு சக்கரங்களும் உறுதியாக ஊன்றியிருக்கின்றனவா என்ற சோதனை. விஞ்ஞானிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது இதற்காகத்தான். ரோவரின் கை ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளம், நுனியில் மட்டும் 30 கிலோவை ஒட்டிய கருவிகள். ஒரு சக்கரம் கூழாங்கல்லின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும்போது கையை நீட்டினால் பாரம் முன்னால் போய், வண்டி சறுக்கிக் கருவி பாறையில் மோதக்கூடும். சந்தேகம் வந்தால் அன்று கை மடங்கியே இருக்கும். எவ்வளவு அழகான கல்லாக இருந்தாலும் சரி.

பிறகு இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பட்டியல் போடும். ஒன்று பாறையும் கனிமமும். மற்றது வளிமண்டலமும் சூழலும். பாறைக் குழு ஒவ்வொரு இலக்குக்கும் பெயர், எந்தக் கருவி, எத்தனை புள்ளி, எத்தனை படம் என்று எழுதும். ‘அந்தக் கல்லைப் படமெடுங்கள்’ என்று எழுதினால் செல்லாது. நிறப்படக் கமராவில் 34 மில்லிமீற்றர் வில்லையா, 100 மில்லிமீற்றர் வில்லையா என்று சொல்ல வேண்டும். இரண்டாவதன் பார்வைக் கோணம் முதலாவதன் மூன்றில் ஒரு பங்குதான். ஒரே காட்சியை மூட ஒன்பது மடங்கு படம் தேவை. நேரமும் தரவும் அதே அளவு கூடும்.

இரண்டு பட்டியல்களையும் திட்டக் காப்பாளர் ஒரே நேரக்கோட்டில் அடுக்குவார். எப்போதும் மிஞ்சும். எதை வெட்டுவது என்று கூட்டத் தலைவர் கேட்பார். பல வாரத் திட்டத்தைக் கையில் வைத்திருக்கும் நீண்டகாலத் திட்டமிடுநர், ‘இந்தப் பாறைப் படை இன்னும் ஐம்பது மீற்றருக்குத் தொடரும், நாளைக்கும் கிடைக்கும், அந்தக் கனிம நரம்பு இங்கே மட்டும்தான்’ என்பது போல் நினைவூட்டுவார். வண்டி ஓட்டுநர்கள் பாதையைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் கட்டளைகளை வரி வரியாக எல்லோரும் சேர்ந்து வாசித்துச் சரிபார்த்தபின்தான் அலைவாங்கிக்கு அனுப்புவார்கள்.

கேள்வி: அணுமின்கலம் உள்ள வண்டிக்கு மின்சாரத் தட்டுப்பாடு எப்படி வரும்? ஒரு நாளில் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்பதை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்?
– விஞ்ஞான ஆசிரியர், பண்டாரவளை

பதில்: அணுமின்கலம் என்றதும் நம் மனம் அணுமின் நிலையத்துக்குப் போய்விடுகிறது. கியூரியோசிட்டியில் இருப்பது 4.8 கிலோ புளூட்டோனியம் ஈரொட்சைட்டு. அது தானாகச் சிதையும்போது வரும் வெப்பத்தை வெப்ப இணைகள் மின்னாக மாற்றும். தரையிறங்கிய காலத்தில் கிடைத்தது ஏறத்தாழ 110 வாற்று. பழைய 60 வாற்றுக் குமிழ் இரண்டுக்குக்கூட முழுதாகக் காணாது. செவ்வாய் நாள் ஒன்று 24 மணி 39 நிமிடம் 35 செக்கன். அதனால் பெருக்கினால் நாளுக்கு 2,700 வாற்று-மணி. புளூட்டோனியம்-238இன் அரைவாழ்வு 87.7 ஆண்டு. அதனோடு வெப்ப இணைகளும் தேய்வதால் உற்பத்தி ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது.

விழித்திருக்கும் ரோவர் மின்கலம் தருவதைவிடக் கூடுதலாகச் செலவழிக்கும். குறையை இரண்டு லித்தியம் அயன் பற்றரிகள் ஈடு செய்யும். அவை நிரம்ப வேண்டுமானால் கணினி தூங்க வேண்டும். ஆகையால் தூக்கமும் திட்டத்தில் நேரம் குறித்து எழுதப்படும் ஒரு வேலைதான்.

பெரிய செலவாளி பலரும் நினைப்பது போல் சக்கரங்கள் மட்டும் அல்ல, வெப்பமூட்டிகளும்தான். கேல் பள்ளத்தில் இரவு மறை 70, 80 பாகை செல்சியசுக்குக் கீழே போகும். கையின் மூட்டு, சக்கர மோட்டார், தூணின் தலை எல்லாவற்றையும் அசைப்பதற்கு முன் சூடாக்க வேண்டும். இல்லாவிட்டால் பற்சக்கரப் பெட்டியில் உள்ள மசகு இறுகிக் கிடக்கும். காலை ஒன்பது மணிக்கு ஒரு மூட்டைச் சூடாக்க எடுக்கும் நேரமும் மின்னும் பிற்பகல் ஒரு மணிக்கு எடுப்பதைவிட மிக அதிகம். குளிர்காலத்தில் இது இன்னும் மோசம். அதனால் ஓட்டத்தை நண்பகலுக்குப் பின் வைக்க விரும்புவார்கள். ஓடி முடித்த பின்புதான் அடுத்த நாளுக்கான படங்கள் எடுக்க முடியும். அதுவும் மூன்று மணிக் கடப்புக்கு முன். இடைவெளி எவ்வளவு குறுகியது என்று பாருங்கள்.

மாதிரிக்கு ஒரு நாள். காலை 10.00: கட்டளை வந்து சேரும். அதன் பின் ஒன்றரை, இரண்டு மணி நேரம் விஞ்ஞானத்துக்கு. லேசர் ஏழு மீற்றர் வரை எட்டும். ஒரு கல்லில் ஐந்து அல்லது பத்துப் புள்ளிகள், புள்ளிக்கு வழக்கமாக 30 துடிப்பு. சூடாக்குவது, குறிவைப்பது எல்லாம் சேர்த்து ஒரு இலக்குக்கு ஏறத்தாழ அரை மணி. நிறப்படத் தொகுப்பு ஒன்றிரண்டு. கை வேலையும் இருந்தால் ஒரு கல்லைத் தூரிகையால் துடைத்து (துடைக்கும் வட்டம் நாலரை சென்ரிமீற்றர்), கிட்டப்படக் கமராவால் 25, 5, 2 சென்ரிமீற்றர் உயரங்களில் படமெடுத்து, எக்ஸ்-கதிர்க் கருவியைப் பதினைந்து இருபது நிமிடம் பொருத்தி வைத்து, கையை மடிப்பார்கள். பின்னர் 20 முதல் 50 மீற்றர் வரை ஓட்டம். ஓடி முடிந்ததும் சுற்றுப்புறப் படங்கள். மூன்று மணிக்குத் தரவு அனுப்பல். பிறகு தூக்கம்.

எக்ஸ்-கதிர்க் கருவிக்குக் குளிர் பிடிக்கும். உணரி குளிர்ந்திருந்தால் அளவீடு கூர்மையாக வரும். ஓட்டம் இல்லாத நாளில் அதை இரவு முழுவதும் பாறையில் வைத்துவிடுவது அதனால்தான். துளையிட்ட தூளைச் சூடாக்கி வாயுக்களை ஆராயும் சாம் ஆய்வுப்பெட்டி இதற்கு நேர்மாறு. ஒரு தடவை ஓடினால் அன்றைய மின்னில் பெரும்பங்கை விழுங்கிவிடும். அதற்கு முன்பும் பின்பும் உள்ள நாட்கள் மெலிந்தே இருக்கும்.

சில ஆண்டுகளாக ஒரு முன்னேற்றம் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்த வேலைகளைச் சேர்த்துச் செய்யப் பழக்கியிருக்கிறார்கள்: விண்கலத்துடன் பேசிக்கொண்டே ஓடுவது, கையை அசைப்பது. வேலை குறித்த நேரத்துக்கு முன் முடிந்தால் ரோவர் தானே முடிவெடுத்துத் தூங்கப் போகும். விழித்திருக்கும் நேரம் குறைந்தால் வெப்பமூட்டியும் கணினியும் எரியும் நேரம் குறையும் என்பதுதான் கணக்கு.

கேள்வி: சில நாட்களில் ரோவர் ஒன்றுமே செய்யாமல் நிற்கிறதாமே?
– உயர்தர மாணவர், பதுளை

பதில்: நிற்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்கிறது. செவ்வாய் நாள் நம்முடையதைவிட ஏறத்தாழ 40 நிமிடம் நீளம். அங்கே பிற்பகல் மூன்று மணி இன்று பசடேனாவில் காலை ஆறு என்றால், ஒன்பது நாள் கழித்து நண்பகல். பதினெட்டு நாள் கழித்து மாலை ஆறு. 37 நாளில் ஒரு சுற்று முடியும். தரையிறங்கிய முதல் மூன்று மாதம் ஊழியர்கள் செவ்வாய் நேரத்திலேயே வாழ்ந்தார்கள், தினமும் 40 நிமிடம் பிந்தி வேலைக்கு வந்து. நெடுநாள் தாங்கக்கூடிய வாழ்க்கை அல்ல அது.

பூமி நேரத்துக்குத் திரும்பியபின் தரவு நள்ளிரவில் வரும் நாட்களில் அதைப் பாராமலே அடுத்த திட்டத்தை எழுத வேண்டியிருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் கையை நீட்டச் சொல்ல முடியாது. ஆகவே அன்று இலக்கில்லாத வேலைகள்: வானத்தைப் பார்ப்பது, தூசிச் சுழல் தேடுவது, வண்டிக்கு அடியில் உள்ள தரையைப் படமெடுப்பது. 2016 முதல் ஏஜிஸ் என்ற மென்பொருளும் உதவுகிறது. ரோவர் தானே படத்தை ஆராய்ந்து, கொடுத்த அளவுகோலுக்குப் பொருந்தும் பாறையைத் தேர்ந்து லேசரால் சுடும். இப்போது கியூரியோசிட்டிக்கு வழக்கமாகத் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள்தான் திட்டமிடுகிறார்கள். வெள்ளிக்கிழமைத் திட்டத்தில் மூன்று செவ்வாய் நாள் இருக்கும்: முதல் நாள் கை வேலை, இரண்டாம் நாள் ஓட்டம், மூன்றாம் நாள் இலக்கில்லாத வேலை. வரிசையை மாற்றி முதல் நாளே ஓடினால் மீதி இரண்டு நாளும் பாறை தொட முடியாமல் வீணாகும்.

பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் சூரியன் வரும்போது ஏறத்தாழ இரண்டு வாரம் கட்டளையே அனுப்பமாட்டார்கள். 26 மாதத்துக்கு ஒருமுறை அது நடக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் பாதி நாள் மூடுபனி. செவ்வாயிலும் பனி, மேகம் பார்க்கிறார்களா? வானிலைக்கும் தினசரித் திட்டத்தில் இடம் உண்டா?
– இல்லத்தரசி, ஹப்புத்தளை

பதில்: உண்டு. உங்கள் ஊர் அளவுக்கு இல்லாவிட்டாலும் மேகம் உண்டு. செவ்வாய் சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் பருவத்தில் மெல்லிய நீர்ப்பனி மேகங்கள் தோன்றும். சில வேளை சூரியன் மறைந்தபின்னும் உயரத்தில் ஒளிரும் மேகங்களைக் காணலாம்; அவை காபனீரொட்சைட்டுப் பனி. சூழல் குழு அந்தப் பருவத்தில் தலைக்குமேலும் அடிவானத்துக்கு மேலும் கமராவைத் திருப்பிச் சில படங்களை அடுத்தடுத்து எடுக்கும். இரண்டு படத்துக்கு இடையில் மேகம் நகர்ந்த கோணத்திலிருந்து காற்றின் திசை கிடைக்கும்.

இந்த வேலைகள் சிறியவை, மின் செலவு குறைந்தவை. அதனால் இடுக்குகளில் செருகலாம். சூரியனை வடிகட்டியூடாகப் படமெடுத்துத் தூசியின் அளவைக் கணக்கிடுவதும், பள்ளத்தின் தூர விளிம்பு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பார்ப்பதும் வாரந்தோறும் வரும். வானிலைக் கருவி மணிக்கு ஐந்து நிமிடம் தானாகவே பதியும். திட்டத்தில் நேரம் மிஞ்சாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது சூழல் குழுவின் படம்தான் என்று அவர்களுக்கு மனக்குறை இருந்தால் அதில் நியாயம் உண்டு. ஒரு பாறை நாளைக்கும் அங்கேயே இருக்கும், மேகம் இருக்காது.

2018இல் கோள் முழுவதையும் மூடிய தூசிப் புயலில் சூரிய ஒளியில் ஓடிய ஒப்போர்சூனிற்றி ரோவர் அடங்கிப்போனது. கடைசிச் சமிக்ஞை ஜூன் 10. தூசி அளவை விடாமல் பார்ப்பதன் பயன் அப்படிப்பட்ட நாட்களில்தான் புரியும்.

கேள்வி: இவ்வளவு பேர் சரிபார்த்தும் பிழை வருகிறதா? என்னென்ன பிழைகள்?
– தொழில்நுட்பக் கல்லூரி மாணவர், கண்டி

பதில்: வரும். ஆனால் பெரும்பாலும் கணக்குப் பிழையால் அல்ல. தரை எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்.

மணலைப் பாருங்கள். சக்கரம் எத்தனை தடவை சுற்றியது என்பது வண்டி எவ்வளவு தூரம் போனது என்பதைச் சொல்லாது. ஒப்போர்சூனிற்றி 2005 ஏப்ரலில் ஒரு மணல் மேட்டில் சக்கரங்களைச் சுற்றிச் சுற்றிப் புதைந்தது. வெளியே எடுக்க ஐந்து வாரம் ஆனது, பூமியில் அதே மாதிரி மணல் தொட்டி செய்து பரீட்சித்துப் பார்த்தபின். ஸ்பிரிட் ரோவர் 2009இல் தரையின் மேலோடு உடைந்து அடியில் இருந்த மென்மணலில் மாட்டியது. அதன் வலது முன்சக்கரம் ஏற்கெனவே ஓடவில்லை. அது வெளிவரவே இல்லை. இப்போது ரோவர் இடையிடையே நின்று படமெடுத்து, பாறைகள் எவ்வளவு நகர்ந்தன என்று ஒப்பிட்டு உண்மைத் தூரத்தைக் கணக்கிடும். சறுக்கல் எல்லையைத் தாண்டினால் தானே நிற்கும். அப்படி நின்றால் அன்றைய மீதி வேலை போச்சு, ஆனால் வண்டி மிஞ்சும்.

கியூரியோசிட்டியின் சக்கரத் தோல் முக்கால் மில்லிமீற்றர் அலுமினியம்தான். தரையில் ஆழப் பதிந்த கூரான கற்கள் அசையாமல் நிற்பதால் 2013இலேயே எதிர்பார்த்ததைவிட வேகமாகத் துளைகள் விழுந்தன. அதன் பின் பாதை தேர்வில் கல்லின் கூர்மையும் ஒரு கணக்கு. 2017இல் ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் தரைக்கு ஏற்ப மாற்றும் மென்பொருள் ஏற்றினார்கள். கைக் கமராவால் சக்கரங்களைப் படமெடுக்கும் நாளும் குறித்த தூரத்துக்கு ஒருமுறை வரும்.

பெர்செவரன்ஸ் ரோவர் 2021 ஓகஸ்டில் முதன்முதலாகத் துளையிட்டுக் குழாயை மூடியது. உள்ளே கல் இல்லை. இயந்திரம் குறை சொல்லாமல் எல்லாப் படியையும் செய்து முடித்தது, ஆனால் அந்தப் பாறை நொறுங்கித் தூளாகிக் குழாயில் தங்காமல் போயிற்று. அடுத்த முறை செப்டெம்பரில் திட்டத்தில் ஒரு நிறுத்தம் சேர்த்தார்கள்: குழாயை மூடுவதற்கு முன் உள்ளே படமெடுத்துப் பூமிக்கு அனுப்பி, மனிதர் பார்த்து ‘சரி’ என்றபின் மூடுவது. நாட்கள் கூடுதல், நிச்சயமும் கூடுதல்.

சின்னப் பிழைகள்தான் அடிக்கடி வருபவை. தூணின் நிழல் சரியாக இலக்குக் கல்லின் மேல் விழுந்துவிடும். அதனால் படத்துக்கு மணி நேரத்தைக் குறிக்கும்போது சூரியன் எங்கே இருக்கும் என்று பார்க்க வேண்டும். லேசரின் தொலைநோக்கி சூரியனை நோக்கக் கூடாது. அந்தத் திசையில் உள்ள கல்லுக்கு நேரம் மாற்ற வேண்டும். தரவுப் பட்டியலில் முன்னுரிமை எண்ணைத் தவறாக எழுதினால் அழகான தூரக் காட்சிப் படம் முதலில் வந்து, நாளைக்குத் தேவையான சக்கரப் படம் பின்தங்கும். அன்று இரவு பசடேனாவில் எவருக்கும் நல்ல பேச்சு வராது.

எதிர்பாராதது எப்போதும் கெட்டதாக இருக்க வேண்டியதில்லை. 2024 மே 30 அன்று கியூரியோசிட்டி ஒரு கல்லின் மேல் ஏறி அதை உடைத்தது. பின்னால் திரும்பி எடுத்த படங்களில் மஞ்சள் பளிங்குகள். சுத்தமான கந்தகம்! ஓடி வந்த தடத்தையும் படமெடுக்கும் பழக்கம் இல்லாவிட்டால் அது தெரியாமலே போயிருக்கும்.

கேள்வி: செவ்வாய்க் கற்களுக்குப் பெயர் வைப்பது யார்? தமிழ்ப் பெயர் வைக்கலாமா?
– தரம் 8 மாணவர், கொட்டகலை

பதில்: வரைபடத்தை ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுள்ள சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் பூமியில் உள்ள ஓர் இடத்தின் பெயரைச் சூட்டுகிறார்கள். அந்த இடத்தைச் சுற்றியுள்ள மலை, ஆறு, பாறை அமைப்புகளின் பெயர்ப் பட்டியலிலிருந்துதான் அன்றைய இலக்குக்குப் பெயர் எடுக்கப்படும். இவை வேலைக்கான பெயர்கள் மட்டுமே. சதுரம் மாறினால் பட்டியலும் மாறும்.

கேள்வி: பாடசாலை விஞ்ஞான மன்றத்தில் இதை ஒரு பயிற்சியாகச் செய்ய விரும்புகிறோம். பெரிய செலவில்லாமல் எப்படி?
– விஞ்ஞான மன்றத்தினர், மஸ்கெலியா

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஒரு விதியை மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்காதீர்கள்: திட்டமிடும் அறையிலிருந்து மைதானம் தெரியக் கூடாது. ஜன்னலூடாக எட்டிப் பார்த்தால் பயிற்சி அன்றோடு முடிந்தது.

மைதானத்தில் 10 மீற்றர் சதுரத்தைக் கயிற்றால் கட்டி, ஒரு மீற்றர் கட்டங்களாகப் பிரியுங்கள். எட்டுக் கல் வையுங்கள். மலையகத்துப் பாதை வெட்டுமுகங்களில் சிவந்த கார்னட் மணிகள் பதிந்த பாறைத் துண்டு கிடைக்கும், அதுதான் புதையல். மற்றவை படிகம், மைக்கா மின்னும் கல், செம்மண் கட்டி, செங்கல் துண்டு போன்றவை. செங்கல்லை ‘இயற்கைப் பாறை’ என்று அறிக்கை எழுதும் குழு எப்படியும் ஒன்று இருக்கும்.

பன்னிரண்டு பேர் போதும். பாறைக் குழு மூவர், சூழல் குழு இருவர், ஓட்டுநர் இருவர், மின் கணக்கு ஒருவர், தரவுக் கணக்கு ஒருவர், தலைவர் ஒருவர், மைதானத்தில் வண்டியோடு இருவர். ஒரு ‘செவ்வாய் நாள்’ 40 நிமிடம், அதாவது ஒரு பாடவேளை: 20 நிமிடம் திட்டம், 10 நிமிடம் வண்டி வேலை, 10 நிமிடம் தரவு திரும்பி வருதல். நாளுக்கு மின் 100 அலகு, படம் 8 மட்டும். செலவு: படம் ஒன்றுக்கு 3, ஒரு மீற்றர் ஓட்டம் 8, கல்லைத் தொட்டுக் கிட்டப் படமெடுத்தல் 15, அன்றைய முதல் அசைவுக்குச் சூடாக்கும் செலவு 10. மீதியில் பாதியை மட்டும் அடுத்த நாளுக்குக் கொண்டுபோகலாம். திட்டத்தை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். ‘கொஞ்சம் முன்னால் போ’ என்று எழுதியிருந்தால் வண்டிக்காரர் அந்த வரியை விட்டுவிட வேண்டும்.

வண்டிக்கு மின்னணுச் சாதனம் கட்டாயமில்லை. கண் கட்டிய ஒரு மாணவரும் அடிக்கோலும் போதும். வசதி இருந்தால் நான்கு மோட்டார் உள்ள பொம்மை வண்டிச் சட்டகம், ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, எல்298என் மோட்டார் இயக்கி, 18650 வகை லித்தியம் பற்றரி இரண்டு, மேலே ஆசிரியரின் கைத்தொலைபேசி. எல்298என் தானே ஏறத்தாழ 2 வோல்ற்றை விழுங்கும். சாதாரணப் பென்சில் பற்றரி நான்கு போட்டு 6 வோல்ற்று கொடுத்தால் மோட்டாருக்கு 4தான் மிஞ்சும். மைதானத்துச் சரிவில் ஏறாது. 18650 இரண்டு 7.4 வோல்ற்று தரும், மோட்டாருக்கு ஐந்தரை அளவில் கிடைக்கும், அது சரி.

முதலில் வரும் கோளாறு, வண்டி நேராகப் போகாது. இரு பக்க மோட்டார்களும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. ஐந்து மீற்றர் ஓடவிட்டு எத்தனை சென்ரிமீற்றர் விலகுகிறது என்று அளந்து, வேகமான பக்கத்துக்குக் கொடுக்கும் வேகப் பெறுமதியைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். அடுத்தது, செக்கன் கணக்கில் ஓடச் சொன்னால் பற்றரி இறங்க இறங்கத் தூரம் குறையும். அதற்கு 20 துளை உள்ள சுழற்சித் தட்டைச் சக்கரத்தில் பொருத்துங்கள். 65 மில்லிமீற்றர் சக்கரம் ஒரு சுற்றுக்கு 204 மில்லிமீற்றர் போகும், ஆகவே துளை ஒன்றுக்கு ஒரு சென்ரிமீற்றர்.

அதுவும் ஈரப் புல்லில் பொய் சொல்லும். சக்கரம் சுற்றும், தட்டு எண்ணும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு படமெடுத்து, தெரிந்த ஒரு கல் எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று பார்த்துத் தூரத்தைச் சரிசெய்யுங்கள். தென்மேல் பருவமழைக் காலத்தில் இந்தப் பயிற்சியை வைத்தால் எட்டுப் படத்தில் மூன்று இதற்கே போய்விடும். படக் கணக்கைப் பத்தாக உயர்த்திக்கொள்ளுங்கள், மின் அலகை உயர்த்த வேண்டாம்.